உண்டியலில் தொடங்கிய பள்ளியும் உண்டியலை மறந்த பள்ளிகளும்

நம் மறைமாவட்டங்களின் பள்ளி விழாக்களில் தவறாமல் ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. 'தரம்' என்பது அச்சொல். தேர்ச்சி விழுக்காடு ஏறினால் தரம் உயர்ந்தது என்கிறோம். கட்டணம் ஏறினாலும் அதையே சொல்கிறோம். முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையின் படம் பள்ளி வாயிலில் ஆளுயரத்திற்கு நிற்கிறது. ஆனால் அதே பங்கில் பிறந்து, அதே கோயில் மணியோசையில் வளர்ந்து, அந்த வாயிலுக்குள் நுழைய இயலாமற்போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எந்த ஆண்டறிக்கையும் சொல்வதில்லை. ஆகவே தரத்தைப் பற்றிய பேச்சைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, இப்பள்ளிகள் யாருக்காக எழுந்தன என்ற பழைய வினாவைக் கேட்க விழைகிறேன்.

அவ்வினாவுக்கு விடைதேட ஜெர்மனி நாட்டுப் பள்ளி ஒன்றின் வரலாற்றைத் துணைக்கு அழைக்கிறேன். நாஞ்சில் நாட்டுக்கும் அதற்கும் என்ன உறவு என்று வாசகர் வியக்க வேண்டாம். உறவு உண்டு, அது மயிலாடி வரை வந்து சேர்ந்த உறவு.

1692-ஆம் ஆண்டு அகுஸ்து ஹெர்மன் பிராங்கே என்னும் இளம் லுத்தரன் குரு, ஹாலே நகர மதிலுக்கு வெளியே இருந்த கிளவுக்கா என்ற ஊரின் பங்குப் பொறுப்பை ஏற்றார். பத்தாண்டுகளுக்கு முன்னர் கொள்ளைநோய் அவ்வூரைச் சூறையாடியிருந்தது. எஞ்சியோர் பெரும்பாலும் வறியோர், பலர் தாய்தந்தையற்றோர். சாராயம் காய்ச்சுவதும் விற்பதும் ஊரில் பலருக்குப் பிழைப்பு. ஹாலேயில் புதிதாக எழுந்த பல்கலைக்கழகத்தில் பிராங்கே பேராசிரியருமாயிருந்தார். வகுப்பறையில் கிரேக்கமும் எபிரேயமும் கற்பித்துவிட்டு இல்லம் திரும்பினால் வாயிலில் இரவலர் கூட்டம் காத்து நிற்கும். வியாழன்தோறும் அவர்களுக்கு அப்பம் வழங்குவது வழக்கம். ஒருநாள் அப்பத்தை உடனே கொடுத்தனுப்பாமல் எல்லோரையும் உள்ளே அழைத்துப் பெரியவர்களை ஒருபுறமும் சிறுவர்களை மறுபுறமும் நிறுத்தி ஞானோபதேசக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எழுத்தும் தெரியவில்லை. அதன்பின் தம் அறையில் ஏழைகளுக்கென ஓர் உண்டியலை மாட்டினார்.

1695-இல் பாஸ்கா காலத்தையொட்டி அவ்வுண்டியலில் ஒருவர் 4 தாலரும் 16 குரோஷனும் இட்டுச் சென்றார். அக்காலத்தில் ஒரு தாலருக்கு 24 குரோஷன். பெருந்தொகை என்று சொல்ல இயலாது. ஆனாலும் அவ்வளவையும் ஒரே வேளையில் அப்பமாக்கிப் பகிர்ந்துவிட அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு தாலருக்குப் புத்தகங்கள் வாங்கினார். ஏழை மாணவர் ஒருவரைச் சிறு ஊதியத்திற்கு அமர்த்தி, நாளுக்கு இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய 27 புத்தகங்களில் திரும்பி வந்தவை நான்கே. எஞ்சியவை விற்கப்பட்டன, அல்லது பிள்ளைகளோடு காணாமற்போயின. நம் நிர்வாகக் குழுவாயிருந்தால் அன்று மாலையே கூடி, இவர்களுக்குச் செய்வதெல்லாம் வீண் என்று தீர்மானம் எழுதிக் கையொப்பமிட்டிருக்கும். பிராங்கே மேலும் புத்தகங்கள் வாங்கினார். இம்முறை பாடம் முடிந்ததும் புத்தகங்களை அறையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்த மாற்றம்.

பள்ளி நன்றாக நடப்பதைக் கண்டு நகர மக்களும் தம் பிள்ளைகளை அனுப்ப விரும்பினர். கட்டணம் தர முன்வந்தனர். உயர்குடிப் பெற்றோர்களும் நாடி வந்தனர். சில ஆண்டுகளுக்குள் அங்கே பல பள்ளிகள் எழுந்தன. ஏழைகளுக்கும் எளிய குடிகளுக்கும் ஜெர்மன் மொழிப் பள்ளிகள், நடுத்தரக் குடும்பத்தினருக்கு இலத்தீன் உயர்நிலைப் பள்ளி, பிரபுக்களின் மைந்தர்க்குப் பெதகோகியம் என்ற உறைவிடப் பள்ளி, பெண் பிள்ளைகளுக்கென ஒன்று. 1698 ஜூலையில் அனாதை இல்லத்தின் பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1727-இல் பிராங்கே இறந்தபோது அவ்வளாகத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயின்றுகொண்டிருந்தனர்.

இங்கே வாசகர் ஒரு கணம் நிற்க வேண்டும். ஏழைகளுக்கென எழுந்த பள்ளி செல்வரை ஏற்றது. நம் பள்ளிகளும் அவ்வாறே ஏற்றன. வேறுபாடு எங்கே வந்தது? பணம் ஓடிய திசையில் வந்தது. ஹாலேயில் செல்வர் தந்த கட்டணமும், அங்கே நடந்த மருந்தகத்தின் வருவாயும், அச்சகத்தின் வருவாயும், நன்கொடையாளர் அனுப்பிய பணமும் அனாதை இல்லத்தையும் ஏழைப் பள்ளிகளையும் தாங்கின. கற்பதில் திறன் காட்டிய அனாதைச் சிறுவன் கட்டணமின்றி இலத்தீன் பள்ளியில் அமர்ந்து பல்கலைக்கழகம் வரை செல்ல முடிந்தது. ஆசிரியர்களாயிருந்தோர் பெரும்பாலும் வறிய பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுக்கு அங்கே உணவு இலவசம். அதற்கு ஈடாக அவர்கள் கற்பித்தனர். ஆக, ஏழை மாணவன் உண்டான், ஏழைச் சிறுவன் எழுத்தறிந்தான், செலவில் பெரும்பகுதியை வசதியுள்ளோர் சுமந்தனர்.

நம்மிடையே நடந்தது என்ன? கடற்கரைப் பங்குகளில் மீன்பாட்டில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் கொடுத்தவர்கள் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்றோர். உள்நாட்டுப் பங்குகளில் பிடியரிசி எடுத்து வைத்தவர்கள் கூலிவேலை செய்த தாய்மார். அந்தப் பணத்தில் நிலம் வாங்கப்பட்டது. சாந்தும் கல்லும் சுமந்து, கூலி வாங்காமல் கட்டியவர்களும் அவர்களே. அந்நிலத்தில் இன்று உயர்ந்து நிற்கும் ஆங்கிலவழிப் பள்ளியின் கட்டணத்தை அவர்களுடைய பேரப்பிள்ளைகளால் கட்ட இயலவில்லை. ஹாலேயில் செல்வர் பணத்தில் ஏழை படித்தான். இங்கே ஏழைகள் கட்டிய கூரையின்கீழ், கட்டணம் செலுத்த வல்லவர் படிக்கின்றனர். இதற்குத்தான் நாம் 'தரம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிராங்கேயின் பள்ளியைக் குறையற்றதென்று காட்ட எனக்கு விருப்பமில்லை. குலத்துக்கொரு பள்ளி என்று பிரித்து வைத்ததில் அக்காலத்துச் சமூகத்தின் கறை அப்படியே படிந்திருக்கிறது. பிள்ளையின் தன்விருப்பத்தை முறித்தால்தான் இறைபக்தி வளரும் என்பது அவர்களுடைய கொள்கை. விளையாட்டுக்கு அங்கே இடமில்லை. காலைமுதல் இரவுவரை கண்காணிப்பு. சின்சென்டார்ப் என்ற பிரபு மைந்தன் பத்து வயதில் அங்கே சேர்க்கப்பட்டுப் பட்ட துன்பம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் மொரேவிய சபையைப் புதுப்பித்தவர் அவரே. ஆயினும் அதே பள்ளியில் வேறொன்றும் இருந்தது. ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் மரம் கடைந்தனர், கண்ணாடி தேய்த்தனர், தோட்டத்தில் செடிகளை இனங்கண்டனர், கைவினைஞரின் பட்டறைகளுக்குச் சென்று தொழிலைக் கண்ணால் கண்டனர். உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த பொருள்களைத் திரட்டி வைத்த காட்சியறை ஒன்று இருந்தது. தமிழகத்திலிருந்து சென்ற பொருள்களும் ஓலைச்சுவடிகளும் இன்றும் அங்கே காக்கப்படுகின்றன. நம் பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: அக்காலத்துக் கண்டிப்பை மட்டும் நாம் குறையாமல் வைத்துக்கொண்டோம். விளையாட்டு நேரத்தைத் தனிப்பயிற்சி வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறோம். மரம் கடையும் பட்டறையையோ ஏழைகளின் உண்டியலையோ நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி மயிலாடிக்கு வருவோம். ஹாலேயில் பயின்ற சீகன்பால்க், புளூட்சோ என்னும் இருவர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். தமிழ் கற்பதற்காகத் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் எழுத்துக்கூட்டினர். அடுத்த ஆண்டே அங்கே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் கடல் கடந்து வந்தன. தமிழ் இலக்கியம் பயின்ற கத்தோலிக்கருக்கு இவ்விடத்தில் நினைவு வரக்கூடியவர் வீரமாமுனிவர். தரங்கம்பாடியாரின் கொள்கைகளை மறுத்து 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' என நூல்கள் செய்தவர் அவர். அம்முனிவரின் தமிழை வாழ்நாளெல்லாம் போற்றி வரும் நான், அவர் எதிர்த்தவர்களின் பள்ளியைப் புகழ்ந்து ஒரு கத்தோலிக்க இதழில் எழுதுவதை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ! இரண்டாம் வத்திக்கான் சங்கம் திறந்து வைத்த வாயில் வழியே வந்தவன் என்று அவரிடம் பணிவோடு சொல்லிக்கொள்வேன்.

சீகன்பால்க் வந்து நூறாண்டுகளுக்குப் பின் அதே ஹாலேயில் இறையியல் கற்ற வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே, 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். சிலேசியாவில் 1770-இல் பிறந்தவர். இலண்டன் மிஷன் சங்கம் அனுப்பியவர். மயிலாடியைச் சேர்ந்த மகராசன் என்ற வேதமாணிக்கம் தஞ்சையில் கிறிஸ்துவை அறிந்து திரும்பியவர். தம் ஊருக்கு ஆசிரியர் வேண்டுமெனக் கேட்டவரும் அவரே. 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. பள்ளியும் அதனோடு சேர்ந்தது. எவருக்கு? ஊழியமும் வரியும் சுமந்து, மேலாடை அணியும் உரிமைகூட மறுக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகளுக்கு. அந்த மேலாடைக்கான போராட்டம் 1859 வரை நீண்டது என்பதை நாம் மறக்கலாகாது. அந்நாளில் நம் மண்ணில் அம்மக்கள் கையில் ஏடு எடுப்பதே ஒரு கலகம்.

ரிங்கல்தௌபே விசித்திரமான மனிதர். எளிதில் சினம் கொள்பவர் என்றும் சொல்வர். உலக இலாபம் கருதி ஞானஸ்நானம் கேட்டு வந்தோரைத் திருப்பியனுப்பினார். தமக்கு வந்த ஊதியத்தைப் பகிர்ந்தளித்துவிட்டார். 1816-இல் பணியை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுச் சென்னை சென்று சேர்ந்தபோது அவர் மேலே ஒரு கோட்டுகூட இல்லை. அதன்பின் கப்பலேறியவரின் முடிவு எவ்வாறு அமைந்தது என்பது எவருக்கும் தெரியாது. கல்லறை இல்லை. அவருக்குப்பின் வந்த சார்லஸ் மீட் காலத்தில் அப்பணி நாகர்கோவிலுக்குப் பெயர்ந்தது. அங்கே 1819-இல் அமைந்த பள்ளியின் வழியில் வந்ததே இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டம் ஏறத்தாழ 92 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்திலேயே முதலிடத்தில் நின்றது. அதை மேடைதோறும் சொல்லிப் பெருமைகொள்கிறோம். அப்பெருமையின் வேர்களில் ஒன்று கோட்டில்லாத அந்த மனிதர் நட்டது.

நமக்கும் முன்னோர் உண்டு. 1544-இல் இக்கடற்கரையில் நடந்த புனித சவேரியார், தமிழில் பெயர்த்த செபங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, அப்பிள்ளைகளையே தம் வீட்டாருக்கு ஆசிரியராக்கினார். கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் பிரிக்கப்படும்வரை நாம் கொல்லம் மறைமாவட்டத்தில் இருந்தோம். 1905 முதல் 1931 வரை கொல்லம் ஆயராயிருந்த பென்சிகர் ஆண்டகையும் ஜெர்மன் மொழி பேசிய மண்ணில், சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்னில் பிறந்தவர்தாம். பெயர்பெற்ற நூல் பதிப்பகக் குடும்பத்தின் மகனாகிய அவர், கார்மேல் சபைத் துறவியாகி இங்கு வந்து பள்ளிகளைப் பெருக்கினார். ஓலைக்கூரையும் மண்தரையுமாய் ஒற்றை ஆசிரியரோடு கோயிலோரம் நின்ற பள்ளிகளை நம் மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். அவற்றில் பல இன்றும் அரசு உதவிபெறும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளாக நிற்கின்றன. அடுத்த சுவரில் நம்முடைய ஆங்கிலவழிப் பள்ளி. ஒன்றில் பிள்ளைகள் குறைந்து ஆசிரியப் பணியிடங்கள் போகின்றன, மற்றதில் இடமில்லை. இரண்டுக்கும் தாளாளர் நம்மவரே. பெயரளவில் உடன்பிறப்புகளான இவ்விரு பள்ளிகளில் எதன் கூரை ஒழுகுகிறது என்று சுற்றிப் பார்த்தால் விளங்கும்.

கடற்கரைப் பங்கு ஒன்றைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர், கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்தவர், தம் மகளை முதல் வகுப்பில் சேர்க்க நம்முடைய பள்ளி ஒன்றுக்குச் சென்றார். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. தாயிடம் கேட்டார்கள்: "என்ன படிச்சிருக்கீங்க? வீட்டுல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா?" அவர் என்னிடம் வந்து அழவில்லை, குறைகூடச் சொல்லவில்லை. "ஃபாதர், நான் எட்டாங்கிளாசுதான். என்னை வச்சு அவளுக்கு இடம் இல்லன்னு சொல்லிட்டாவ" என்று மட்டும் சொன்னார். கிளவுக்காவில் பிராங்கே கேட்ட கேள்விக்கும் இக்கேள்விக்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். அவர் அறியாமையைக் கண்டறிந்து அதனால் பள்ளி தொடங்கினார். நாம் அறியாமையைக் கண்டறிந்து கதவை அடைக்கிறோம்.

மறுமொழிகள் எனக்குத் தெரியும். பெற்றோர் ஆங்கிலத்தைத்தான் கேட்கின்றனர் என்பது ஒன்று. கேட்கின்றனர், மீனவத் தாயும் அதையேதான் கேட்கிறார். அவருடைய மகளுக்கு ஆங்கிலம் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லையே! மற்றொரு மறுமொழி நேர்மையானது: அரசு உதவி இல்லாத பள்ளியில் கட்டணம் இல்லையேல் ஆசிரியருக்கு எதைக் கொடுப்பது? இதை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். பள்ளிப் பேருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் உண்டியல் பணம் போதாது. ஆனால் வசூலாகும் கட்டணத்தில் எவ்வளவு ஆசிரியரிடம் சேர்கிறது, எவ்வளவு புதிய மாடியாக எழும்புகிறது என்பதைப் பங்கு மக்கள் அறிவார்களா? நம் பங்குகளிலிருந்தே அங்கே கற்பிக்கச் செல்லும் இளம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வாங்கும் ஊதியத்தை இங்கே எழுதக் கை கூசுகிறது.

சட்டத்தைக் காட்டி வாதிடுவோரும் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொன்னது. சிறுபான்மையினர் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. நம் தன்னுரிமை காக்கப்பட்டது என்று மகிழ்ந்தோம். அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு தரும் உரிமையைக் காப்பதில் நானும் எவருக்கும் பின்னிற்பவன் அல்லேன். 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அந்தத் தீர்ப்பின் பொருத்தத்தில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்கு உரியதெனத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது. உடனே நம்மவர் நடுங்குகின்றனர். ஏன் நடுங்க வேண்டும்? நம் பள்ளிகளில் நாலில் ஓரிடம் ஏற்கெனவே ஏழைகளுக்கென இருந்திருந்தால், சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நமக்கு என்ன இழப்பு? அயலாரின் சட்டம் கட்டாயப்படுத்துமுன் நம் நற்செய்தியே நம்மைக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டுமே! சிறுபான்மை உரிமை யாருடைய பெயரால் பெறப்பட்டதோ, அந்தச் சிறுபான்மையின் ஏழைகளே அவ்வுரிமை காக்கும் மதிலுக்கு வெளியே நிற்கின்றனர்.

திருச்சபை இதில் மௌனமாயிருக்கவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று சங்கத் தந்தையர் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, செல்வமும் குடும்ப ஆதரவும் அற்றோரின் தேவையைக் கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1254-ஆம் சட்டம், திருச்சபை சொத்து வைத்திருப்பதன் நோக்கங்களைச் சொல்லுமிடத்தில் வழிபாட்டையும் பணியாளரின் பிழைப்பையும் குறிப்பிட்டபின், திருத்தூதுப் பணியையும் எளியோர்க்கான அறப்பணியையும் பெயர்சொல்லி வைக்கிறது. பள்ளி நிலம் கோயில் நிலம். கோயில் நிலம் அந்நோக்கத்துக்கு உரியது. மறைமாவட்ட அலுவலகங்களில் இத்தொகுப்பு இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதற்கு நெடுநேரம் ஆகாது.

ஆகவே பங்குப் பேரவையினரிடமும் அன்பியப் பொறுப்பாளர்களிடமும் கேட்கிறேன். நிதிநிலை அறிக்கை என்று கோயில் கணக்கை வரிவரியாகத் துருவுகிறீர்கள். திருவிழாச் செலவில் வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று சண்டையிடுகிறீர்கள். பள்ளிக் கணக்கை என்றேனும் கேட்டதுண்டா? அடுத்த சேர்க்கைக்கு முன்னர் உங்கள் பங்கில் பள்ளிசெல்லும் வயதெய்தும் பிள்ளைகளின் பட்டியலை அன்பியம் அன்பியமாக எழுதுங்கள். அதில் எத்தனை பேர் நம் பள்ளிக்கு விண்ணப்பித்தனர், எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் கட்டணத்தால் அடுத்த ஊருக்குப் போயினர் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலவழிப் பள்ளியின் மிகுதி வருவாயிலிருந்து சுவருக்கு அப்பாலுள்ள தமிழ்வழிப் பள்ளிக்கு இவ்வாண்டு எவ்வளவு சென்றது என்று தாளாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். சினம் கொள்வார், கொள்ளட்டும். அருட்பணியாளர்களாகிய எங்களிடமும் கேளுங்கள், நாங்கள் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொடுத்த பிள்ளைகளில் ஏழைகள் எத்தனை பேர் என்று. அந்தப் பட்டியலை ஜூன் மாதத்து முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அறிவிப்புகள் வாசிக்கும் அதே இடத்தில் நின்று வாசியுங்கள்.